புது லக்சுரி வாட்ச்: பணம் கட்டுவதற்கு முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

நொடிமுள்:

வணக்கம் நண்பர்களே. பல வருடமாக மனதில் வைத்திருந்த வாட்ச் ஒன்று கடைசியில் கைக்கு வரப்போகிறது. கடையில் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருந்தேன், இப்போது கூப்பிட்டு "பீஸ் வந்துவிட்டது, வந்து பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லியிருக்கிறார்கள். ஆட்டோமேட்டிக், ஸ்டீல் செயின், சுழலும் பெசல் (கண்ணாடியைச் சுற்றியுள்ள வளையம்), 3 மணி இடத்தில் தேதி. பிராண்டு பெயரைச் சொன்னால் பேச்சு 'அதைவிட இது நல்லது' என்று திரும்பிவிடும், அதனால் சொல்லவில்லை.

இதுவரை நான் வாங்கியதெல்லாம் சாதாரண வாட்ச்தான். கட்டிப் பார்ப்பேன், பிடித்தால் வாங்குவேன், அவ்வளவுதான். இது அப்படி இல்லை. இவ்வளவு பணம் போட்டு வாங்கிவிட்டு, வீட்டுக்கு வந்தபிறகு டயலில் ஒரு தூசியோ கேஸில் (வாட்சின் வெளிக்கூடு) ஒரு கீறலோ கண்ணில் பட்டால் அப்புறம் அதை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருப்பேன், என் சுபாவம் அப்படி. இணையத்தில் தேடினால் பயம்தான் கூடுகிறது. முள் நேராக இல்லை, பெசல் கோணல், தேதி நடுவில் இல்லை, மணிக்கோடு சாய்ந்திருக்கிறது என்று ஆளாளுக்கு ஒரு படம் போட்டிருக்கிறார்கள். அதில் பாதி எனக்குக் குறையாகவே தெரியவில்லை.

எதை முதலில் பார்க்க வேண்டும்? எது உண்மையான குறை, எதை விட்டுவிடலாம்? லூப் (கண்ணில் வைத்துப் பார்க்கும் உருப்பெருக்கி) எடுத்துக்கொண்டு போனால் தப்பாக நினைப்பார்களா? குறை இருந்தால் வேறு பீஸ் கேட்கலாமா, கேட்டால் பட்டியலில் மறுபடி கடைசிக்குத் தள்ளிவிடுவார்களா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


பல்சக்கரம்:

வாழ்த்துகள் நண்பரே. வாட்ச் சர்வீஸ் மேசையில் உட்கார்ந்து பல வருடம் வேலை பார்ப்பவன் நான், அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

குறைகள் இரண்டு வகை. ஒன்று, ஓட்டத்தில் உள்ள குறை: நாளுக்குச் சில நொடி வேகமாக ஓடுவது, தேதி சரியாக மாறாதது, சாவி கொடுக்கும்போது கரகரவென்று இருப்பது. இதெல்லாம் வாரண்டியில் சரியாகிவிடும். இன்னொன்று கண்ணுக்குத் தெரியும் குறை: கண்ணாடிக்கு அடியில் தூசி, சாய்ந்து நிற்கும் மணிக்கோடு, முள்ளில் கீறல், கேஸில் அடிபட்ட தடம். டயலிலும் முள்ளிலும் உள்ளதைச் சரிசெய்ய வேண்டுமென்றால் வாட்சைத் திறக்க வேண்டும், மூவ்மெண்டை (உள்ளே ஓடும் இயந்திரம்) வெளியே எடுக்க வேண்டும், சில சமயம் முள்ளைக் கழற்றித் திரும்பப் போட வேண்டும். தொழிற்சாலையிலிருந்து மூடி வந்த புது வாட்சை அதற்காகத் திறப்பதை நான் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். ஒரு தூசியை எடுக்கப் போய் இன்னொன்று உள்ளே போன கதை இந்தத் தொழிலில் சகஜம். அதனால் கடையில் இருக்கும் நேரத்தில் பெரும்பகுதியை இந்த இரண்டாவது வகைக்குச் செலவிடுங்கள்.

இன்னொரு முக்கியமான விஷயம். உங்கள் மணிக்கட்டு அளவுக்குச் செயினில் கண்ணி எடுப்பதற்கு முன்பே எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிடுங்கள். கண்ணி எடுத்தாகிவிட்டது, வாரண்டி கார்டில் தேதி போட்டாகிவிட்டது என்றால் அப்புறம் அது 'விற்ற வாட்ச்'. மாற்றித் தரும் மனசு இருக்கும் கடைக்காரருக்கும் அப்போது கை கட்டப்பட்டுவிடும்.

சரி, எப்படிப் பார்ப்பது? கையில் வாங்கியதும் லூப்பை எடுக்காதீர்கள். மணி பார்க்கும்போது கை எவ்வளவு தூரத்தில் இருக்குமோ அந்தத் தூரத்தில் வைத்து, வெறும் கண்ணால், நிதானமாகப் பாருங்கள். எங்கேயாவது கண் இடறுகிறதா? இடறினால் அந்த இடத்தை மட்டும் லூப்பில் பாருங்கள். முதலிலேயே 10 மடங்கு லூப்பை வைத்தால் எந்த விலை வாட்சிலும் ஏதாவது ஒன்று தெரியத்தான் செய்யும். அச்செழுத்தின் ஓரத்தில் மை கொஞ்சம் பிசிறியிருக்கும், இருட்டில் ஒளிரும் லூம் பூச்சின் மேற்பரப்பு மணல் மாதிரி தெரியும். அதையெல்லாம் குறை என்று எண்ணினால் நீங்கள் வாட்சே வாங்க முடியாது.

வெளிச்சம் ரொம்ப முக்கியம். கடையில் மேலிருந்து விழும் விளக்கு எல்லாவற்றையும் மினுக்கிக் காட்டும், குறைகளை விழுங்கிவிடும். "ஜன்னல் பக்கம் போய்ப் பார்க்கலாமா" என்று கேளுங்கள். பகல் வெளிச்சத்தில் வாட்சை மெதுவாகச் சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். நேராகப் பார்க்கும்போது தெரியாத தூசி, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது தன் நிழலோடு சேர்ந்து தெரியும். மேலே இருக்கிறதா உள்ளே இருக்கிறதா என்று சந்தேகம் வந்தால் மைக்ரோஃபைபர் துணியால் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி சாய்த்துப் பாருங்கள். டயலில் உட்கார்ந்த தூசி, பக்கத்தில் உள்ள எழுத்தை விட்டு நகராது. துடைத்தும் போகாமல், சாய்க்கும்போது டயல் எழுத்துகளுக்கு மேலே இடம் மாறுவது போலத் தெரிந்தால், அது கண்ணாடியின் உள்பக்கத்தில் ஒட்டியிருக்கிறது.

அடுத்து முட்கள். கிரவுனை (பக்கத்தில் உள்ள சாவித் திருகு) இழுத்து 6 மணி வையுங்கள். மணி முள்ளும் நிமிட முள்ளும் ஒரே நேர்கோடாக நிற்க வேண்டும். 12 வைத்தால் ஒன்றின் மேல் ஒன்று. அப்புறம் 3, 9. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: முள்ளை எப்போதும் ஒரே திசையில் கொண்டுவந்து நிறுத்துங்கள். பற்களுக்கு இடையே இயல்பாகவே கொஞ்சம் இடைவெளி இருக்கும், முன்னே கொண்டுபோய்ப் பின்னே இழுத்தால் அந்த இடைவெளி முள்ளில் தெரியும், அதைக் குறை என்று நினைத்துவிடுவோம். மணி முள் ஒரு நிமிடத்துக்கு அரை டிகிரிதான் நகரும். ஆக அது 1 டிகிரி தள்ளிப் பொருத்தப்பட்டிருந்தால், நிமிட முள் சரியாக 12இல் நிற்கும்போது மணி முள் 2 நிமிட அளவு முன்னோ பின்னோ காட்டும். அந்த அளவு கண்ணுக்குத் தெரிவதே கஷ்டம், நான் விட்டுவிடுவேன். 5 நிமிட அளவு தள்ளியிருந்தால் விட மாட்டேன்.

தேதியைப் பார்க்க வேண்டுமென்றால் முதலில் முட்களை 6 பக்கம் கொண்டுபோய்விட்டு அப்புறம் தேதியை ஓட்டுங்கள். இரவு 9 மணியிலிருந்து விடிகாலை 3 மணி வரை பல மூவ்மெண்டுகளில் தேதி மாற்றும் பல் சக்கரம் பிடிப்பில் இருக்கும், அந்த நேரத்தில் கிரவுனால் தேதியை மட்டும் தனியாக மாற்றினால் பல் உடையலாம். கடையில் முள் காட்டும் நேரம் பகலா இரவா என்று யாருக்கும் தெரியாது, அதனால்தான் 6க்குக் கொண்டுபோகச் சொல்கிறேன். 1 முதல் 31 வரை ஒரு சுற்று ஓட்டிவிடுங்கள். எல்லா எண்ணும் ஒரே அளவில் மேலோ கீழோ தள்ளி நின்றால் அது தேதிச் சக்கரம் நிற்கும் இடத்தின் பிரச்சினை, சர்வீஸில் பார்க்கலாம். ஒரே ஒரு எண் மட்டும் கொஞ்சம் தள்ளி அச்சாகியிருந்தால் அது மாதத்தில் ஒரு நாள் தெரியும், உங்கள் விருப்பம்.

பெசலை ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். 120 கிளிக் பெசல் என்றால் ஒரு கிளிக் 3 டிகிரி. முக்கோணம் 12க்கு நேரே வரும் கிளிக்கில் நிறுத்தி, விரலால் மிக லேசாக இரண்டு பக்கமும் அசைத்துப் பாருங்கள். அந்தச் சிறு அசைவுக்குள் முக்கோணம் 12க்கு நேரே வந்துவிட்டால் கவலை வேண்டாம். அசைத்தும் வரவில்லை, ஒரு கிளிக் விட்டால் தாண்டிப்போகிறது என்றால் பெசல் வளையமே தள்ளி உட்கார்ந்திருக்கிறது. அதைச் சொல்லலாம், சொல்ல வேண்டும்.


வெள்ளிடயல்:

பல்சக்கரம் அண்ணா சொன்னதில் லூப் விஷயத்தில் மட்டும் எனக்குக் கொஞ்சம் மாற்றுக் கருத்து. டயலுக்கு வெறும் கண் போதும், ஒத்துக்கொள்கிறேன். கேஸுக்கும் செயினுக்கும் லூப் இல்லாமல் நான் போக மாட்டேன். காரணம், கேஸில் நீங்கள் தேடுவது தொழிற்சாலைக் குறையை விட, யாராவது ஏற்கனவே கையாண்டிருக்கிறார்களா என்பதைத்தான்.

முதலில் கிளாஸ்பை, அதாவது செயினைப் பூட்டும் கொக்கியைப் பாருங்கள். எந்த வாட்சிலும் முதல் கீறல் விழும் இடம் அதுதான். மேசையில் கை வைத்தாலே அதுதான் உரசும். கிளாஸ்பின் அடிப்பக்கத்தில் மயிரிழைக் கோடுகள் ஒரே திசையில் இல்லாமல் தாறுமாறாக இருந்தால், அந்த வாட்ச் கண்ணாடிப் பெட்டியில் இருந்து பல பேர் கட்டிப் பார்த்த பீஸாக இருக்க வாய்ப்பு உண்டு. அப்படியே கட்டிப் பார்த்திருந்தாலும் தப்பில்லை. அதைச் சொல்லாமல் புதுசு என்று தருவதுதான் தப்பு. அடுத்து லக்குகளின் (கேஸிலிருந்து நீண்டு செயினைப் பிடிக்கும் கால்கள்) உள்பக்கம், செயின் வந்து சேரும் இடம். அங்கே சின்னச் சின்னக் கீறல் இருந்தால் யாரோ செயினைக் கழற்றி மாட்டியிருக்கிறார்கள். செயினின் கடைசிக் கண்ணி கேஸோடு சேரும் இடத்தில் இரண்டு பக்கமும் இடைவெளி ஒரே மாதிரி இருக்கிறதா, கண்ணித் திருகுகளின் தலை சிதையாமல் இருக்கிறதா, இவ்வளவும் பாருங்கள்.

மெருகேற்றிய பகுதியும் பளபளப்பில்லாத மேட் பகுதியும் சந்திக்கும் விளிம்பு கத்தி மாதிரி கூர்மையாக ஓட வேண்டும். அந்த விளிம்பு எங்காவது மழுங்கி உருண்டிருந்தால், விழுந்த கீறலை மறைக்க யாரோ மெருகு போட்டிருக்கலாம் என்று சந்தேகப்படுவேன். புது வாட்சில் இது அபூர்வம், இருந்தால் உடனே எழுந்துவிடலாம்.

கண்ணாடி சபையர் என்றால் அதன் கடினம் மோஸ் அளவில் 9, எளிதில் கீறல் விழாது. ஆனால் பிரதிபலிப்பைக் குறைக்கும் பூச்சு வெளிப்பக்கமும் பூசியிருந்தால் அந்தப் பூச்சில் கீறல் விழும். சாய்த்துப் பார்த்தால் நீலமாகவோ ஊதாவாகவோ மினுங்கும் இடத்தில் கோடு தெரியும்.

சீரியல் எண்ணை கார்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள், கடைக்காரர் படித்துக் காட்டினால் போதாது, நீங்களே ஒவ்வொரு எழுத்தாக. இப்போதைய ரோலெக்ஸ் என்றால் கண்ணாடிக்குள் டயலைச் சுற்றியிருக்கும் உலோக வளையத்தில் 6 மணிப் பக்கம் பொறித்திருக்கும். ஒமேகாவில் பல மாடல்களில் லக்கின் பின்பக்கத்தில், லூப் இருந்தால்தான் படிக்கவே முடியும் என்ற அளவில் இருக்கும். லூப் எடுத்துப் போக இதையே காரணமாகச் சொல்லலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். கடையில் அவர்களிடமே ஒன்று இருக்கும், கேட்டாலும் தருவார்கள்.


நொடிமுள்:

இரண்டு பேருக்கும் மிக்க நன்றி, இவ்வளவு விரிவாக யாரும் எழுதுவார்கள் என்று எதிர்பார்க்கவில்லை. கடையிலிருந்து வாட்சின் போட்டோ ஒன்று அனுப்பினார்கள், அதைப் பெரிதாக்கிப் பார்த்தால் 12 மணிக்கோடு லேசாக இடது பக்கம் சாய்ந்தது போல இருக்கிறது. தேதியும் நடுவில் இல்லாத மாதிரி. போகும் முன்பே வேண்டாம் என்று சொல்லிவிடலாமா?

இன்னொன்று, ஓட்டத்தைக் கடையிலேயே எப்படிச் சோதிப்பது? அரை மணி நேரத்தில் என்ன தெரியும்?


எட்டுத்துடிப்பு:

போட்டோவை வைத்து முடிவு எடுக்காதீர்கள். போனை வாட்சுக்கு மிக அருகில் பிடித்து எடுத்த படத்தில் நேர்கோடுகூட வளையும், பெசலும் டயலும் வெவ்வேறு உயரத்தில் இருப்பதால் கேமரா ஒரு துளி சாய்ந்தாலும் ஒன்று இன்னொன்றை விட்டு விலகியது போலக் காட்டும். தேதிக்கு மேல் உருப்பெருக்கி லென்ஸ் இருக்கும் மாடல் என்றால் கேட்கவே வேண்டாம், கொஞ்சம் பக்கத்திலிருந்து பார்த்தாலே எண் ஓடிவிடும். நேரில் போய், ஒரு கண்ணை மூடிக்கொண்டு, டயலுக்கு நேர் மேலே இருந்து பாருங்கள். கண்ணாடியில் உங்கள் மூடாத கண்ணின் பிரதிபலிப்பு டயலின் நடுவில் தெரிந்தால் நீங்கள் நேராகப் பார்க்கிறீர்கள் என்று அர்த்தம். படம் எடுத்தே ஆக வேண்டுமென்றால் போனைத் தள்ளிப் பிடித்து 2 அல்லது 3 மடங்கு ஜூம் வைத்து எடுங்கள், வளைவு குறையும்.

ஓட்டத்தைப் பற்றி. அரை மணி நேரத்தில் கண்ணால் பார்த்து நாளுக்கு எத்தனை நொடி என்று சொல்ல முடியாது. டைம்கிராஃபர் என்ற கருவி இருக்கிறது, வாட்சை அதன் மைக்கில் வைத்தால் டிக் சத்தத்தைக் கேட்டுக் கணக்குப் போட்டுச் சொல்லும். சர்வீஸ் பிரிவு உள்ள கடைகளில் இருக்கும், கேட்டுப் பாருங்கள். வைப்பதற்கு முன் சாவி கொடுங்கள். பெட்டியில் நின்றுபோய்க் கிடந்த வாட்சை இரண்டு ஆட்டு ஆட்டிவிட்டு வைத்தால் வரும் எண்ணுக்கு மதிப்பே இல்லை. கிரவுனை ஒரு 30, 40 திருப்பு திருப்பிவிட்டுச் சில நிமிடம் கழித்து வையுங்கள். அப்படித் திருப்பும்போதே கிரவுன் எப்படிச் சுற்றுகிறது என்பதும் தெரிந்துவிடும்.

திரையில் மூன்று விஷயம் வரும். ஒன்று, நாளுக்கு எத்தனை நொடி கூடுதல் அல்லது குறைவு. இரண்டாவது ஆம்ப்ளிட்யூட், அதாவது உள்ளே முன்னும் பின்னும் ஆடும் பாலன்ஸ் சக்கரம் எவ்வளவு டிகிரி வீசி ஆடுகிறது என்பது. முழுச் சாவியில், டயல் மேலே பார்த்த நிலையில் 270 முதல் 310 வரை வந்தால் ஆரோக்கியம். மூன்றாவது பீட் எரர், டிக்குக்கும் டாக்குக்கும் உள்ள வித்தியாசம். 0.5 மில்லி நொடிக்குள் இருந்தால் நல்லது. ஒரு எச்சரிக்கை: ஆம்ப்ளிட்யூடைக் கணக்கிட மூவ்மெண்டுக்கு மூவ்மெண்ட் மாறும் லிஃப்ட் ஆங்கிள் என்ற கோண எண்ணைக் கருவியில் கொடுக்க வேண்டும். பல கருவிகள் 52இல் வைத்தே இருக்கும். ஒமேகாவின் இப்போதைய கோ-ஆக்சியல் மூவ்மெண்டுகளுக்கு அது 38. மாற்றாமல் அளந்தால் ஆம்ப்ளிட்யூட் எண் கன்னாபின்னா என்று வரும், வாட்சில் கோளாறு என்று பயந்துவிடுவீர்கள். நொடிக் கணக்கு அதனால் மாறாது.

எத்தனை நொடி வரை சரி என்பது பிராண்டைப் பொறுத்தது. சுவிட்சர்லாந்தின் காஸ்க் நிறுவனம் மூவ்மெண்டை மட்டும் தனியாக எடுத்து 15 நாள், 5 நிலைகளில், 3 வெப்பநிலைகளில் சோதிக்கும். நாளுக்குச் சராசரியாக -4 முதல் +6 நொடிக்குள் இருந்தால் குரோனோமீட்டர், அதாவது துல்லியமான வாட்ச் என்ற சான்று. ரோலெக்ஸ் அதற்கு மேல் கேஸில் போட்டபிறகு தானே சோதித்து -2 முதல் +2 என்கிறது. ஒமேகாவின் மாஸ்டர் குரோனோமீட்டருக்கு 0 முதல் +5. கிராண்ட் செய்கோவின் மெக்கானிக்கல் வாட்சுகளுக்குப் பொதுவாக -3 முதல் +5. உங்கள் வாட்சின் கையேட்டில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான் உங்களுக்கு அளவுகோல். கருவியில் ஒரே ஒரு நிலையில் +7 காட்டியது என்பதற்காக நிராகரிக்காதீர்கள், சான்றில் உள்ளது பல நிலைகளின் சராசரி. கட்டிப் பழகிச் சில வாரம் கழித்தும் அப்படியே ஓடினால் வாரண்டியில் கொடுத்து ரெகுலேட் செய்துகொள்ளலாம் (வேகத்தைச் சரிசெய்வது). அதற்குக் காசு வாங்க மாட்டார்கள்.

ஒரேயடியாக நாளுக்கு நிமிடக் கணக்கில் வேகமாக ஓடுகிறது என்று வந்தால், அது பெரும்பாலும் காந்தம் ஏறியதுதான். ஸ்பீக்கர், டேப்லெட் கவர், பை மூடி, எங்கு பார்த்தாலும் காந்தம். பாலன்ஸ் சக்கரத்தை ஆட்டும் மெல்லிய சுருள்வில்லான ஹேர்ஸ்பிரிங்கின் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் வாட்ச் பறக்கும். காந்தம் நீக்கும் டீமேக்னடைசரில் வைத்தால் ஒரு நிமிட வேலை. சிலிக்கான் ஹேர்ஸ்பிரிங் போட்ட வாட்சுகளுக்கு இந்தத் தொல்லை அநேகமாக இல்லை.


நீலப்பட்டை:

நீங்கள் கேட்டதில் 'கடைக்காரர் என்ன நினைப்பார்' என்பதற்கு யாரும் பதில் சொல்லவில்லை, அதை நான் சொல்கிறேன். வாட்ச் கடையில் விற்பனைப் பக்கம் வேலை பார்த்திருக்கிறேன். நிதானமாகப் பார்த்து வாங்குபவரை யாரும் வெறுப்பதில்லை. வாங்கிக்கொண்டு போய் அடுத்த நாள் கோபமாக வந்து நிற்பவரை விட இவர் எவ்வளவோ மேல். போன உடனே சொல்லிவிடுங்கள்: "முதல் தடவை இவ்வளவு விலையில் வாங்குகிறேன், கொஞ்சம் நேரம் எடுத்துப் பார்க்கிறேன், அப்புறம் கண்ணி எடுக்கலாம்." இப்படி ஆரம்பத்திலேயே சொன்னால் அவர்களும் அவசரப்படுத்த மாட்டார்கள். கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்துப் போங்கள், வார நாள் காலை என்றால் உத்தமம்.

பாதுகாப்பு பிளாஸ்டிக் ஒட்டியிருந்தால் அதை எடுத்துவிட்டுத்தான் பார்க்க வேண்டும். அதன் மேலேயே பார்த்துவிட்டுப் போய் வீட்டில் உரித்தால் அடியில் கீறல் இருக்கலாம், அப்போது யாரிடம் போய்ச் சொல்வீர்கள்? உங்கள் எதிரில் அவர்களே உரிக்கட்டும். சில கடைகளில் பிளாஸ்டிக்கை முன்பே எடுத்துவிடுவார்கள், அதனால் பிளாஸ்டிக் இல்லை என்பதற்காகப் பழசு என்று சந்தேகப்பட வேண்டாம். உரித்த இடத்தில் பசை ஒட்டியிருப்பதைக் கீறல் என்று நினைத்துப் பதறுபவர்களும் உண்டு. துணியால் துடைத்தால் போய்விடும்.

குறை கண்டால் சொல்லும் விதம் முக்கியம். "இந்த வாட்ச் சரியில்லை" என்றால் சண்டைதான் வரும். "8 மணிக்கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி தெரிகிறது, நீங்களும் ஒருமுறை பாருங்கள்" என்று இடத்தைச் சொல்லி அவர்கள் கையில் கொடுங்கள். அவர்களும் பார்த்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. பட்டியல் பற்றிய பயம் நியாயம்தான், அது கடைக்குக் கடை மாறும். அதனால் பீஸை வேண்டாம் என்று சொல்வதற்கு முன் "அடுத்தது வரும்போது எனக்குத்தானே?" என்று கேட்டு, ஒரு மின்னஞ்சலோ வாட்ஸ்அப் செய்தியோ வாங்கிக்கொள்ளுங்கள்.

கார்டில் விற்பனைத் தேதி உங்கள் தேதியாக இருக்க வேண்டும். ரோலெக்ஸ், ஒமேகா இரண்டும் இப்போது 5 வருட வாரண்டி தருகின்றன, அது ஓட ஆரம்பிப்பது விற்பனைத் தேதியிலிருந்து. முன்தேதி போட்ட கார்டு என்றால் ஏற்கனவே ஒருவருக்கு விற்றது என்று அர்த்தம், என்ன சமாதானம் சொன்னாலும் புது வாட்ச் விலைக்கு வாங்காதீர்கள்.

கூரியரில் வரவழைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பெட்டியின் சீல், லேபிள், உள்ளே வாட்ச், சீரியல் எண், எல்லாம் வெட்டு இல்லாமல் ஒரே வீடியோவில் வர வேண்டும். திருப்பி அனுப்பும் காலக்கெடு முடியும் வரை வாட்சைக் கையில் கட்டவே கட்டாதீர்கள், பிளாஸ்டிக்கையும் எடுக்காதீர்கள். குறை தெரிந்தால் அன்றைக்கே எழுத்தில் சொல்லுங்கள்.


தேதி31:

எல்லோரும் ஆட்டோமேட்டிக் பற்றியே எழுதியிருப்பதால் குரோனோகிராஃப் (ஸ்டாப்வாட்ச் வசதி உள்ள வாட்ச்) வாங்குபவர்களுக்கு இரண்டு வரி. ஓடவிட்டு நிறுத்தி ரீசெட் அழுத்தினால் பெரிய நொடி முள் சரியாக 12இல் வந்து நிற்க வேண்டும், சிறிய டயல் முட்களும் அப்படியே. நாலைந்து தடவை செய்து பாருங்கள், ஒருமுறை சரியாக நின்று அடுத்த முறை தள்ளி நின்றால் அது மோசம். ஆரம்பிக்கும்போது நொடி முள் லேசாகத் துள்ளினால் அது குறையா என்று பலர் கேட்பார்கள். ஸ்டாப்வாட்ச் முள்ளை ஓட்டத்தோடு இணைக்கும் கிளட்ச் ஹாரிசாண்டல் என்றால் அந்தத் துள்ளல் இயல்பு, வெர்டிகல் கிளட்ச் என்றால் துள்ளக் கூடாது.

பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸில் நொடி முள் ஒவ்வொரு கோட்டிலும் சரியாக விழுகிறதா என்று ஒரு முழு நிமிடம் பாருங்கள். ஒரு பக்கம் சரியாக விழுந்து எதிர்ப்பக்கம் தள்ளி விழுவது நிறைய உண்டு. 2 நொடிக்கு ஒருமுறை தாவினால் பயம் வேண்டாம், பல வாட்சுகளில் அது பேட்டரி தீரும் அறிகுறி.

அப்புறம் திருகி மூடும் கிரவுன் உள்ள வாட்சில், மூடும்போது முதலில் லேசாக எதிர்ப்பக்கம் சுற்றினால் ஒரு சின்ன 'டக்' உணர்வு வரும், மரை சேரும் இடம் அது. அங்கிருந்து அழுத்திச் சுற்றினால் வெண்ணெய் மாதிரி இறங்க வேண்டும். இறங்காமல் பிடித்தால் பலத்தைக் காட்டாமல் கடைக்காரரிடம் கொடுங்கள். குழாய் மரை போனால் தண்ணீர்த் தடுப்பும் போச்சு.


நொடிமுள்:

போய் வந்துவிட்டேன், நடந்ததைச் சொல்கிறேன். நீங்கள் சொன்ன மாதிரியே போனவுடன் சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தேன், அவர்களே லூப் கொடுத்தார்கள், ஜன்னல் பக்கம் மேசையும் போட்டுத் தந்தார்கள். போட்டோவில் சாய்ந்து தெரிந்த 12 மணிக்கோடு நேரில் துல்லியமாக நேராக இருந்தது. தேதியும் நடுவில்தான். முட்கள் 6 மணியில் ஒரே கோடு. கிளாஸ்பில் ஒரு கீறல்கூட இல்லை, சீரியல் எண் சரி.

ஆனால் சாய்த்துப் பார்த்தபோது 4க்கும் 5க்கும் நடுவில் டயலில் ஏதோ மின்னியது. நேராகப் பார்த்தால் தெரியவே இல்லை, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது மட்டும் வெள்ளையாக ஒரு நூல் பிசிறு, நிமிடக் கோட்டின் பாதி நீளம் இருக்கும். துடைத்தும் போகவில்லை. கறுப்பு டயல் என்பதால் ஒருமுறை பார்த்துவிட்டால் கண் அங்கேயேதான் போகிறது. மேனேஜரும் லூப்பில் பார்த்துவிட்டு "ஆமாம், இருக்கிறது" என்று ஒத்துக்கொண்டார். அவர் இரண்டு வழி சொன்னார். பிராண்டின் சர்வீஸ் சென்டருக்கு அனுப்பிச் சுத்தம் செய்து தருவது, அதற்குச் செலவு எதுவும் இல்லை. இல்லையென்றால் அடுத்த பீஸ் வரும் வரை காத்திருப்பது, என் பெயர் முதலிலேயே இருக்கும் என்று எழுதித் தருவதாகச் சொல்கிறார். எப்போது வரும் என்று மட்டும் சொல்ல முடியாதாம்.

பெசலும் டைம்கிராஃபர் எண்களும் நன்றாக இருக்கும் வாட்சை இந்த ஒரு பிசிறுக்காக விடுவதா என்று மனசு அடித்துக்கொள்கிறது. பல்சக்கரம் அண்ணா, நீங்கள் என்ன செய்வீர்கள்?


பல்சக்கரம்:

நான் காத்திருப்பேன் தம்பி. அவசரமாக ஒரு நாள் குறித்து அதற்குள் வாட்ச் வேண்டும் என்ற கட்டாயம் இருந்தால் சொல்லுங்கள், அது வேறு கணக்கு.

பிசிறை எடுப்பது பெரிய வேலை இல்லை. நல்ல சர்வீஸ் சென்டரில் சுத்தமாகச் செய்து, தண்ணீர்த் தடுப்பைச் சோதித்துத்தான் தருவார்கள், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் நீங்களே சொன்னீர்கள், உங்கள் சுபாவம் எப்படி என்று. அது திரும்பி வந்தபிறகு டயலில் எதைப் பார்த்தாலும் 'இது முன்பே இருந்ததா, திறந்தபோது விழுந்ததா' என்ற கேள்வி வரும். முள் லேசாகத் தள்ளியிருந்தால்கூட அவர்கள் மேல்தான் சந்தேகம் போகும். இன்னும் பணம் கட்டவில்லை, கண்ணி எடுக்கவில்லை, கடைக்காரரும் நியாயமாகப் பேசுகிறார். இவ்வளவு நல்ல நிலையில் இருந்துகொண்டு திறந்த வாட்சை எதற்கு வாங்க வேண்டும்?

எழுதித் தருவதாகச் சொன்னாரே, அதில் மாடல் எண்ணும் டயல் நிறமும் இன்றைய விலையும் வரும்படி கேளுங்கள். காத்திருக்கும் நேரத்தில் விலை ஏறினால் பழைய விலைக்கே தருவார்களா என்பதை இப்போதே பேசிவிடுங்கள். முன்பணம் கொடுத்திருந்தால் வேண்டாம் என்றால் திரும்பக் கிடைக்குமா என்பதும் அந்தத் தாளிலேயே இருக்கட்டும்.